பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் தனி வழக்கறிஞர்: அவர் யாருடைய வக்கீல்?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். உங்கள் அண்ணன் மகளுக்கு 13 வயது. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கு பதிவாகி இரண்டு மாதம் ஆகிறது. குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் அவளுடைய தாய்மாமன். அரசு வழக்கறிஞர் இருக்கும்போது அவளுக்கென்று தனியாக ஒரு வக்கீல் வைக்க முடியுமா, வைத்தால் அரசுத் தரப்போடு மோதுவதாக ஆகிவிடுமா, செலவுக்கு என்ன வழி என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "பெரியவர்கள் ஆளுக்கொன்று பேசுகிறார்கள், அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இத்தனை பேருக்கு நடுவில், அந்தக் குழந்தைக்கு மட்டும் பொறுப்புள்ள ஒரு சட்ட ஆலோசகர் இருக்க முடியுமா என்பதே அது. இருக்க முடியும். அவரால் எதுவரை போக முடியும் என்பதுதான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது. இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியல் வழக்கறிஞராகப் போக்சோ சிறப்பு நீதிமன்றத்தில் குழந்தைகள் தரப்பில் பல ஆண்டுகள் நின்ற பழக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் வழக்கின் காகிதம் எதையும் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 40-ஆவது பிரிவு, குழந்தையின் குடும்பமோ பாதுகாவலரோ தாங்கள் விரும்பும் வழக்கறிஞரின் உதவியைப் பெறலாம் என்கிறது; வசதியில்லாதவர்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இன்னும் தாராளமானது. அதன் 12-ஆவது பிரிவின்படி பெண்ணுக்கும் குழந்தைக்கும் இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது. ஆகவே உங்கள் அண்ணனுக்குச் சொந்த வீடு இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், இந்த உதவி குழந்தைக்கு அவள் குழந்தை என்பதாலேயே கிடைப்பது என்று பதில் சொல்லலாம். 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் 7-ஆவது விதி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் பரிந்துரை அனுப்ப வழி செய்திருக்கிறது. நடைமுறையில் இந்தப் பரிந்துரை பல வழக்குகளில் தானாக வருவதில்லை, கேட்டால் வருகிறது.

அடுத்தது மோதல் பற்றிய அச்சம். அரசு வழக்கறிஞர் குழந்தையின் வக்கீல் இல்லை என்று சொன்னால் பலர் திடுக்கிடுகிறார்கள். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய பொறுப்பின் தன்மையே அப்படிப்பட்டது. அவர் அரசுக்காக நிற்பவர். குற்றத்தை மெய்ப்பிக்கச் சான்றுகளை நீதிமன்றத்தின் முன் வைப்பது அவர் வேலை. குழந்தை அந்த வழக்கில் ஒரு சாட்சி, பெரும்பாலும் முதன்மையான சாட்சி. வழக்குக்கு எது நல்லது என்பதும் குழந்தைக்கு எது நல்லது என்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும். ஆனால் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை. குழந்தையின் சாட்சியத்தை இந்த வாரமே பதிவு செய்துவிட வேண்டும் என்று அரசுத் தரப்பு நினைக்கும். குழந்தைக்கு அன்றுதான் பள்ளித் தேர்வு தொடங்கும். அரசு வழக்கறிஞரிடம் அவள் தனியாகச் சொல்லும் ஒரு விவரம், வழக்குக்குத் தேவை என்றால் கோப்புக்குள் போய்விடும். அவளுடைய சொந்த வழக்கறிஞரிடம் சொன்னால், அதை வெளியில் சொல்லலாமா என்று முதலில் அவளிடமே கேட்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு. இந்த வேறுபாட்டுக்காகத்தான் தனி வழக்கறிஞர். நல்ல அரசு வழக்கறிஞர்கள் இதை வரவேற்கவே செய்கிறார்கள். ஒரே நாளில் பத்துக் கோப்புகளைச் சுமப்பவருக்கு, குழந்தையின் அச்சங்களை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஒருவர் இருப்பது உதவிதான்.

நீதிமன்றத்துக்குள் அந்தத் தனி வழக்கறிஞரின் இடம் மிகக் குறுகியது. இதை மறைத்துவிட்டு நம்பிக்கை தருவது சரியில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 301-ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 338-ஆவது பிரிவும், தனியார் வழக்கறிஞர் அரசு வழக்கறிஞரின் வழிகாட்டுதலின் கீழ்தான் செயல்பட முடியும் என்கின்றன. சாட்சியம் முடிந்த பின் நீதிமன்ற அனுமதியோடு எழுத்து வாதம் தரலாம். 2019 நவம்பரில் ரேகா முரார்க்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையை இறுக்கமாகவே வரைந்தது. பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் சாட்சிகளை விசாரிக்கவோ வாய்மொழி வாதம் செய்யவோ உரிமை கோர முடியாது. விடுபட்ட கேள்வி இருந்தால் அரசு வழக்கறிஞரிடம் சொல்லலாம், அவர் எடுத்துக்கொள்ளாவிட்டால் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவரலாம் என்பது அதன் சாரம். அது கொலை வழக்கு, குழந்தை சம்பந்தப்பட்டது இல்லை. ஆனாலும் போக்சோ நீதிமன்றங்களிலும் அந்த எல்லைக்குள்தான் நடந்துகொள்கிறோம். போக்சோ 33-ஆவது பிரிவின்படி, அரசு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும்கூடக் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம் தர வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார்.

அப்படியானால் அவரால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். விசாரணைக் கூடத்துக்கு வெளியே நடப்பவற்றில்தான் அவர் தேவைப்படுகிறார். எடுத்துக்காட்டாக, புதிய நடைமுறைச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு, காவல்துறை அறிக்கையின் நகல்களையும் வாக்குமூலங்களையும் பாதிக்கப்பட்டவருக்கும் கட்டணமின்றித் தரச் சொல்கிறது. ஆனால் "வழக்கறிஞர் மூலம் தோன்றினால்" என்ற நிபந்தனையோடு. வழக்கறிஞர் இல்லாத குடும்பம் தன் குழந்தையின் வழக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே அறியாமல் போகக்கூடும். குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்கும்போது நீங்கள் கேட்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குப் புலனாய்வு தொடங்கி மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் ஜக்ஜீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜாமீன் கிடைத்தாலும், அவர் அந்தத் தெருவுக்கு வரக் கூடாது, வேறொருவர் மூலமும் தொடர்பு கொள்ளக் கூடாது என்ற நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குவதற்கு யாராவது அங்கே நிற்க வேண்டும். தாய்மாமன் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் வீட்டில் இந்த நிபந்தனைகளுக்கு எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இழப்பீடும் அப்படித்தான். 2020 விதிகளின் 9-ஆவது விதிப்படி, முதல் தகவல் அறிக்கை பதிவான பின் எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். வழக்கு விடுதலையில் முடிந்தாலும், குற்றவாளி அகப்படாவிட்டாலும்கூடக் குழந்தைக்கு இழப்பு நேர்ந்திருப்பதாக நீதிமன்றம் கருதினால் இறுதி இழப்பீடு பரிந்துரைக்கலாம். உத்தரவு கிடைத்த 30 நாளில் அரசு பணத்தைத் தர வேண்டும் என்பது விதி. பணம் யார் பெயரில் போகிறது என்பதைக் கவனியுங்கள். பெரும்பகுதி குழந்தையின் பெயரில், வயது வரும்வரை வைப்புத்தொகையாக இருக்க வேண்டும் என்று கேட்பது அவளுடைய வழக்கறிஞரின் வேலை. இதைக் கேட்டதற்காக என்னிடம் கோபித்துக்கொண்ட தகப்பன்மார் உண்டு.

இனி, சுதந்திரமான ஆலோசனை என்பதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. போலீஸிடமிருந்தும் அரசுத் தரப்பிடமிருந்தும் சுதந்திரம் என்றுதான் பலரும் புரிந்துகொள்கிறார்கள். அதைவிடக் கடினமானது குடும்பத்திடமிருந்து சுதந்திரம். சட்டமே இங்கே வழுக்குகிறது. 40-ஆவது பிரிவின் தலைப்பு குழந்தையின் உரிமை என்கிறது. உள்ளே போனால் தேர்வு செய்வது குடும்பமோ பாதுகாவலரோ. நடைமுறைச் சட்டத்தில் "பாதிக்கப்பட்டவர்" என்ற சொல்லுக்குள்ளேயே பாதுகாவலரும் அடங்குகிறார். அம்மாவுக்கு அது சொந்தத் தம்பியின் வாழ்க்கை; நெருங்கிய உறவினரே செய்த கடுமையான குற்றம் என்றால் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு வரை போகும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருப்பார்கள். அப்பாவுக்கு அது மானம். இருவருமே குழந்தையை நேசிக்கக்கூடும். இருவருமே அவளுக்காக முடிவெடுப்பதாக நம்பவும் கூடும். ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கில் சிறுமியின் தந்தையே சமரசம் செய்துகொள்ள, உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று ராம்ஜி லால் பைர்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, இத்தகைய குற்றங்களைச் சமரசத்தின் பேரில் முடித்துவிட முடியாது என்றது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்றால், சட்டப்படி முடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை என்று நீங்கள் உறுதியாகச் சொல்லலாம். பேசி முடிப்பது என்பதற்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: குழந்தையைப் பிறழ் சாட்சி ஆக்குவது, அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்ல வைப்பது.

எதிர்ப்பக்கத்துப் பாடமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த ஒரு பதின்வயதுப் பெண்ணின் வழக்கில், 2025 மே மாதம், உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்திருந்தும் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவு தனக்குத் தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித் தண்டனை விதிக்காமல் விட்டது. அந்தப் பெண்ணை அதிகம் வதைத்தது குற்றத்தைவிட அதன்பின் வந்த சட்ட நடைமுறைதான் என்பதும், தெரிந்து தேர்வு செய்யும் வாய்ப்பு அவளுக்குத் தொடக்கத்திலேயே கிடைக்கவில்லை என்பதும் அங்கே பதிவாயிற்று. அது காதல் என்று அவள் கருதிய உறவு. உங்கள் வழக்கு அப்படியில்லை. ஆனால் அவளுக்கு என்ன வழிகள் இருக்கின்றன என்று அவள் மொழியில் சொல்ல ஒருவர் இல்லாமல் போனதுதான் இரண்டுக்கும் பொதுவான ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை, பெற்றோரின் நலனும் குழந்தையின் நலனும் மோதக்கூடிய இடத்தில் குழந்தைக்கு அவள் சொந்தப் பெயரிலேயே வழக்கறிஞர் வேண்டும் என்கிறது. நம் சட்டத்தில் அவ்வளவு தெளிவான ஒரு வரி இல்லை.

முதல் சந்திப்பு எப்படி இருக்கும் என்று சொன்னால் இது இன்னும் விளங்கும். நடந்ததைச் சொல் என்று நான் கேட்பதே இல்லை. அது காவல்துறையிடமும், மருத்துவரிடமும், நீதித்துறை நடுவரிடமும் ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும், காகிதத்தில் படித்துக்கொள்ளலாம். நான் யார், யாரெல்லாம் என்னிடம் வேலை வாங்க முடியாது என்பதைத்தான் முதலில் சொல்வேன். ஒருமுறை ஒரு சிறுமி பதினைந்து நிமிடம் நாற்காலி ரெக்ஸினின் கிழிந்த ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மூன்று கேள்வி கேட்டாள். நான் மறுபடி வீட்டுக்குப் போகலாமா? கோர்ட்டில் அவரைப் பார்க்க வேண்டுமா? அவரைத் தூக்கில் போட்டுவிடுவார்களா? இந்த மூன்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே வீட்டில் இருந்தால், குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்பதைக் குழந்தைகள் நலக் குழு மூன்று நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். சாட்சி சொல்லும்போது அவர் குழந்தையின் கண்ணில் படாதபடி திரையோ காணொளியோ ஏற்பாடு செய்ய 36-ஆவது பிரிவு இருக்கிறது. கதவு சாத்திய விசாரணைக்கு 37-ஆவது பிரிவு. தண்டனை என்னவாக இருக்கலாம் என்பதையும், அதை முடிவு செய்வது நீதிபதிதான், அதன் சுமை அவள் தலையில் இல்லை என்பதையும் சொல்லலாம். அந்த மூன்றாவது கேள்வியை அவள் அதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருவர் அழுதிருப்பார், இன்னொருவர் அதட்டியிருப்பார்.

திரை இருக்கிறது என்பதாலேயே கவலை தீராது. கூடத்துக்குள் திரை கட்டிவிட்டு, வெளியே நடைபாதையில் ஒரு சிறுமியைக் குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர்களுக்கு எதிர் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்த நாளை நான் பார்த்திருக்கிறேன். அவள் உள்ளே வந்தபோது குரலே எழவில்லை. எந்த வழியாக வருவது, எங்கே காத்திருப்பது, எத்தனை மணிக்கு அழைப்பார்கள் என்பதை முன்தினமே நீதிமன்ற அலுவலகத்தில் பேசி வைப்பது சட்ட நூல்களில் வராத வேலை. ஆனால் சாட்சியத்தின் தரம் பல நேரம் அதில்தான் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தயார்ப்படுத்துவது வேறு, சொல்லிக் கொடுப்பது வேறு. கூடத்தைக் காட்டுவது, யார் எங்கே உட்காருவார்கள் என்று சொல்வது, புரியாத கேள்விக்குப் புரியவில்லை என்றும் நினைவில்லாததற்கு நினைவில்லை என்றும் சொல்லலாம் என்று தைரியம் தருவது, நடுவில் இடைவேளை கேட்கலாம் என்று தெரிவிப்பது, இவை எல்லாம் தயார்ப்படுத்தல். இந்தத் தேதியைச் சொல், இந்த வார்த்தையை விட்டுவிடாதே என்பது சொல்லிக் கொடுத்தல். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது இதைத்தான்: "வக்கீல் ஆன்ட்டி என்ன சொல்லச் சொன்னாங்க?" என்ற ஒரு கேள்வியில் ஒரு நல்ல வழக்கு சரிந்துவிடக்கூடும். காவல்துறை வாக்குமூலம் எடுக்கும்போது குழந்தையின் வழக்கறிஞர் உடன் உட்காரலாமா என்பதில் நடைமுறை இடத்துக்கு இடம் மாறுகிறது. 26-ஆவது பிரிவு பெற்றோரையோ குழந்தை நம்பும் ஒருவரையோ சொல்கிறது. வழக்கறிஞரைத் தடுக்கவும் இல்லை. இந்தக் காரணத்துக்காகவே நான் வெளியில் இருப்பதையே விரும்புகிறேன். இதற்கு மாறாக நினைக்கும் நல்ல வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. ஒன்று, பெற்றோரும் குழந்தையும் எதிரெதிராக நின்றால் வழக்கறிஞர் யார் சொல்லைக் கேட்பது என்பது. வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் பாதுகாவலர் கையெழுத்திடுவதே வழக்கம் என்பதால், சட்டம் இதற்கு நேரான விடை தரவில்லை. குழந்தைகள் நலக் குழுவின் பரிந்துரை வழியாக நியமனம் பெறுவது, அந்தக் கையெழுத்தின் பிடியிலிருந்து ஓரளவு விலகி நிற்க உதவுகிறது என்பது என் அனுபவம். இரண்டு, ரகசியம். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வதைச் சாட்சியச் சட்டம் பாதுகாக்கிறது. போக்சோ 19-ஆவது பிரிவோ குற்றம் நடந்ததை அறிந்த "எந்த நபரும்" தெரிவிக்க வேண்டும் என்கிறது, வழக்கறிஞருக்கு விலக்கு தரவில்லை. இன்னொருவரைப் பற்றியும் குழந்தை சொன்னால் என்ன செய்வது? இதில் எந்த வாதமும் முழுப் பாதுகாப்பானது இல்லை. அதனால் எதை என்னால் ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை முடியாது என்பதைக் குழந்தை வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு வாக்கு மாறுவதைவிட அது மேல்.

அவள் மாற்றிச் சொல்ல நேர்ந்தால் தண்டனை வருமோ என்ற அச்சமும் வீட்டில் இருக்கும். பொய்ப் புகார் என்று சொல்லி ஒரு குழந்தையைத் தண்டிக்க முடியாது என்று 22-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. யாராவது அதைக் காட்டி அவளை மிரட்டினால், அந்த மிரட்டலே நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிய விஷயம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதல் தகவல் அறிக்கையின் நகலோடு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போய், குழந்தையின் பெயரில் மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். போக்சோ வழக்குகளில் பழக்கமுள்ளவரைக் கேட்பதில் தவறில்லை. அதே நாளில் குழந்தைகள் நலக் குழுவிடம், வழக்கு முழுவதும் குழந்தைக்குத் துணை நிற்கும் ஆதரவு நபர் நியமிக்கப்பட்டாரா என்று கேளுங்கள். அவர் வழக்கறிஞருக்கு மாற்று இல்லை. ஆனால் வாய்தா தேதிகளில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வருபவர் அவர்தான். குற்றம் சாட்டப்பட்டவர் அம்மா வழி, நீங்கள் அப்பா வழி என்பதை நீங்களும் ஒருகணம் நினைத்துப் பாருங்கள். வழக்கறிஞர் வந்த முதல் நாள், உங்களையும் வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினால் வருந்தாதீர்கள். உங்களிடம் மட்டும் பேசிவிட்டு, அவளைப் பார்க்காமலே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், வேறு ஒருவரைத் தரும்படி ஆணைக்குழுவிடம் எழுதிக் கேளுங்கள்.